ரேட்ஸ் நோட்டீஸ் 300 டாலர் ஏறியிருக்கிறது, வேல்யுவேஷன்தான் காரணமா? (குயின்ஸ்லாந்து)

புதுவீட்டுக்காரி

எல்லோருக்கும் வணக்கம். போன நவம்பரில் ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தில் எங்கள் முதல் வீட்டை வாங்கினோம். பிரிஸ்பேன் இல்லை, வடக்கே ஒரு வட்டார நகரம். அதுவரை வாடகை வீடுதான், அதனால் ரேட்ஸ், அதாவது கவுன்சில் என்னும் உள்ளாட்சி மன்றத்துக்குக் கட்டும் சொத்து வரி, பற்றி எதுவுமே தெரியாது.

ஜனவரியில் முதல் அரையாண்டு நோட்டீஸ் 1,870 டாலருக்கு வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க எங்களிடம் பழைய நோட்டீஸ் இல்லையே, அப்படியே கட்டிவிட்டோம். இப்போது ஜூலையில் வந்தது 2,170. ஆறே மாதத்தில் 300 டாலர் ஏற்றம்! மார்ச்சில் மாநில அரசிடமிருந்து ஒரு வேல்யுவேஷன் கடிதம் வந்திருந்தது, நிலத்தின் மதிப்பு 3,40,000-லிருந்து 4,30,000 ஆகிவிட்டது என்று. அதைப் படித்துவிட்டு மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டேன். அந்தக் கடிதம்தான் காரணமா? இப்போது எதிர்த்து எழுதலாமா? ஒரு சம்பளத்தில் வீட்டுக் கடன் கட்டுகிறோம், கையில் குழந்தை வேறு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடமராட்சியான்

தங்கச்சி, எனக்கும் இதே கதைதான். எங்கள் ஊரில் இதைச் சோலைவரி என்போம். அங்கே வீட்டின் வருட வாடகைப் பெறுமதியை வைத்துப் போடுவார்கள். இங்கே வெறும் நிலத்துக்குத்தான் கணக்கு. நிலத்தின் பெறுமதி ஏறினால் ரேட்ஸ் ஏறத்தானே செய்யும்? பெறுமதியை 26 வீதம் ஏற்றியிருக்கிறார்கள். உடனே ஒப்ஜெக்‌ஷன் போடுங்கள்.

கணக்கர்

வடமராட்சியான் ஐயா, மன்னிக்க வேண்டும், அது அப்படி இல்லை. நான் ஒரு கவுன்சிலின் ரேட்ஸ் பிரிவில் 14 வருடம் வேலை பார்த்தேன். கவுன்டருக்கு வந்த பத்தில் எட்டுப் பேர் இதையேதான் நினைத்துக்கொண்டு வந்தார்கள்.

கவுன்சில் முதலில் பட்ஜெட் போடும். சாலை, பூங்கா, நூலகம், வடிகால் எல்லாவற்றுக்கும் இவ்வளவு பணம் வேண்டும், அதில் ஜெனரல் ரேட்ஸ் என்னும் பொது வரி மூலம் இவ்வளவு திரட்ட வேண்டும் என்று முடிவு செய்யும். அதன் பிறகுதான் அந்தத் தொகையை ஊரில் உள்ள நிலங்களின் மதிப்பைப் பார்த்துப் பங்கு பிரிக்கும். மொத்தத் தொகையைத் தீர்மானிப்பது பட்ஜெட். உங்கள் பங்கு எவ்வளவு என்பதற்குத்தான் வேல்யுவேஷன்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஊரின் மொத்த நில மதிப்பு 100 கோடி டாலர், கவுன்சிலுக்கு வேண்டியது 60 லட்சம் என்று வையுங்கள். ஒரு டாலர் மதிப்புக்கு 0.6 சென்ட் வரும். 4 லட்சம் மதிப்புள்ள நிலத்துக்கு வருடம் 2,400. அடுத்த வருடம் ஊர் முழுக்க மதிப்பு 25 சதவீதம் ஏறி 125 கோடி ஆகிறது. கவுன்சில் தன் தேவையை 4 சதவீதம் மட்டும் கூட்டி 62 லட்சத்து 40 ஆயிரம் என்று வைக்கிறது. இப்போது டாலருக்கு அரை சென்டுக்கும் ஒரு மயிரிழை குறைவு. உங்கள் நிலமும் ஊரோடு சேர்ந்து 5 லட்சம் ஆகியிருந்தால் நீங்கள் கட்டுவது ஏறக்குறைய 2,500. மதிப்பு ஏறியது 25 சதவீதம், பில் ஏறியது 4 சதவீதம்.

அதே தெருவில் ஒருவர் நிலம் 4 லட்சத்திலிருந்து 6 லட்சம் ஆகிவிட்டால் அவருக்கு ஏறக்குறைய 3,000. இன்னொருவர் நிலம் 4 லட்சத்து 40 ஆயிரம் மட்டும் ஆகியிருந்தால் அவருக்கு 2,200-க்கும் கீழே, அதாவது மதிப்பு ஏறியும் ரேட்ஸ் குறைகிறது. உங்கள் மதிப்பு எவ்வளவு ஏறியது என்பதைவிட, ஊர் சராசரியைவிட அதிகமா குறைவா என்பதுதான் முக்கியம்.

இனி அந்தக் கடிதம். குயின்ஸ்லாந்தில் நிலத்தை மதிப்பிடுபவர் மாநில அரசின் வேல்யுவர்-ஜெனரல், கவுன்சில் இல்லை. கடிதம் வெளியான நாளிலிருந்து 60 நாளுக்குள் அவரிடம்தான் எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும். மார்ச் கடிதத்துக்கு ஜூலையில் அந்தக் காலம் கடந்துவிட்டது. அதற்காக இடிந்து போகாதீர்கள், உங்கள் 300 டாலர் அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நோட்டீஸின் இரண்டாம் பக்கத்தில் வரி வரியாக இருப்பதை அப்படியே தட்டச்சு செய்து போடுங்கள். ஜனவரி, ஜூலை இரண்டுக்கும். முக்கியமாக ‘ரேட்டிங் கேட்டகரி’ என்று ஒரு வரி இருக்கும், அதை விட்டுவிடாதீர்கள்.

மாடிவீடு

கணக்கர் சார், குறுக்கே ஒரு கேள்வி. எனக்கு இருப்பது அடுக்குமாடியில் ஒரு யூனிட், நிலமே கிடையாது. எனக்கு எப்படி நில மதிப்பு?

கணக்கர்

கட்டடம் நிற்கும் நிலத்துக்கு மொத்தமாக ஒரு மதிப்பு போடுவார்கள். அதை உங்கள் பாடி கார்ப்பரேட் (யூனிட் சொந்தக்காரர்கள் சங்கம்) பதிவில் உள்ள ‘லாட் என்டைட்டில்மென்ட்’ விகிதப்படி எல்லா யூனிட்டுக்கும் பிரிப்பார்கள். இரண்டு அட்டவணைகள் இருக்கும். கான்ட்ரிபியூஷன் அட்டவணை பராமரிப்புக் கட்டணத்துக்கு, இன்ட்ரஸ்ட் அட்டவணை இதற்கு. பிரித்தபின் உங்கள் பங்கு சிறியதாகிவிடும். பெரும்பாலும் கவுன்சிலின் ‘மினிமம் ஜெனரல் ரேட்’டுக்குக் கீழே போய்விடும். அப்போது மதிப்பு என்னவாக இருந்தாலும் அந்தக் குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டுவீர்கள். அந்த நிலையில் வேல்யுவேஷனோடு சண்டை போட்டுப் பயனில்லை.

புதுவீட்டுக்காரி

சார், இதோ.

ஜெனரல் ரேட்: ஜனவரியில் 1,060, இப்போது 1,130.
குடிநீர் அக்சஸ், கழிவுநீர், குப்பை, எமர்ஜென்சி மேனேஜ்மென்ட் லெவி நான்கும் சேர்ந்து 22 டாலர் ஏற்றம்.
குடிநீர்ப் பயன்பாடு: 208 டாலர் ஏற்றம்!!

தட்டச்சு செய்யும்போதுதான் கவனித்தேன். இத்தனை நாள் நில மதிப்பையே திட்டிக்கொண்டிருந்தேன்.

கேட்டகரி வரியில் ‘ரெசிடென்ஷியல் – நான் பிரின்சிபல் பிளேஸ் ஆஃப் ரெசிடென்ஸ்’ என்று இருக்கிறது. இது என்ன சார்? நாங்கள் இந்த வீட்டில்தானே இருக்கிறோம்?

கணக்கர்

நான் பயந்தது இதைத்தான். தங்காமல் வாடகைக்கு விடும் முதலீட்டு வீடு என்று உங்களைச் சேர்த்திருக்கிறார்கள்.

குயின்ஸ்லாந்துக் கவுன்சில்கள் நிலங்களை வகை பிரித்து, வகைக்கு ஒரு விகிதம் போடலாம். பல நகரங்களில் சொந்தக்காரர் குடியிருக்கும் வீட்டுக்கு ஒரு விகிதம், வாடகை வீட்டுக்கு அதைவிடக் கூடுதல் விகிதம். முன்பு இருந்தவர் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தாரா? வாங்கும்போது கவுன்சிலுக்குக் கொடுத்த தபால் முகவரி எது?

புதுவீட்டுக்காரி

ஆமாம் சார், முன்பு இருந்தது வாடகைக்காரர்கள்தான். தபால் முகவரி எங்கள் பழைய வாடகை வீட்டு முகவரி. வீடு கைக்கு வந்தும் பெயின்ட் அடிக்க ஒரு மாதம் ஆனது, அதனால் அப்படிக் கொடுத்தோம். பிறகு ஆன்லைனில் முகவரியை மட்டும் மாற்றினேன்.

நேற்று பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டேன். அவர்கள் நில மதிப்பு 4,25,000, கிட்டத்தட்ட எங்களுடையதுதான். அவர்களுக்கு ஜெனரல் ரேட் 870. எங்களுக்கு 1,130.

கணக்கர்

சரி, விஷயம் பிடிபட்டது. முகவரி மாற்றினால் வகை தானாக மாறாது. இதற்குத் தனி வழி இருக்கிறது. ரேட் நோட்டீஸ் வெளியான நாளிலிருந்து 30 நாளுக்குள் கவுன்சிலிடம் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவிக்கலாம். அதில் ஒரே ஒரு காரணம்தான் செல்லும்: என் நிலத்தை வேறு வகையில் வைத்திருக்க வேண்டும் என்பது. ரேட்ஸ் அதிகம், கட்ட முடியவில்லை என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள். வாக்காளர் பட்டியல் முகவரி, ஓட்டுநர் உரிமம், மின்கட்டண பில் என எது கிடைத்தாலும் நகல் வையுங்கள். நோட்டீஸில் வெளியீட்டுத் தேதி மேலே வலப்பக்கம் இருக்கும், அதிலிருந்து எண்ணுங்கள், கையில் கிடைத்த நாளிலிருந்து இல்லை.

இன்னொன்று. எதிர்ப்பு நிலுவையில் இருக்கிறது என்று கட்டாமல் இருந்துவிடாதீர்கள். கெடுத் தேதிக்குள் கட்டிவிடுங்கள், பிறகு சரி செய்வார்கள். கெடு தாண்டினால் கூட்டு வட்டி ஓடும். சில கவுன்சில்கள் நேரத்தில் கட்டுபவர்களுக்கு ஜெனரல் ரேட்டில் தள்ளுபடி தருகின்றன, அதுவும் கைவிட்டுப் போகும்.

இரண்டுகடை

வாடகை வீட்டுக்குக் கூடுதல் விகிதம் என்பதே எனக்கு நியாயமாகப் படவில்லை. அதே சாலை, அதே குப்பை வண்டி. நான் ஒரு வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். இந்தக் கூடுதல் தொகை கடைசியில் யார் தலையில் விழுகிறது? வாடகை வீட்டில் இருக்கும் குடும்பத்தின் தலையில். அவர்களில் பாதிப் பேர் நம்மைப் போல இந்த நாட்டுக்குப் புதிதாக வந்தவர்கள்.

சிட்னி மல்லி

இரண்டுகடை அண்ணா சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்காரர்கள் ரேட்ஸை வாடகை வருமானத்துக்கு எதிரான செலவாக வரிக் கணக்கில் காட்டலாமே. குடியிருப்பவருக்கு அது கிடையாது. கவுன்சில்களும் இதைத்தான் காரணமாகச் சொல்கின்றன.

நியூ சவுத் வேல்ஸில் ‘ரேட் பெக்’ இருக்கிறது. கவுன்சிலின் மொத்த ரேட்ஸ் வருமானம் வருடம் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று ஐபார்ட் என்னும் மாநில விலைக் கட்டுப்பாட்டு அமைப்பு உச்சவரம்பு வைக்கிறது. விக்டோரியாவிலும் 2016–17 முதல் உச்சவரம்பு உண்டு. குயின்ஸ்லாந்தில் ஏன் இல்லை?

கணக்கர்

மல்லி, உச்சவரம்பு கவுன்சிலின் மொத்த வருமானத்துக்குத்தான், தனி ஒருவரின் பில்லுக்கு இல்லை. அங்கேயும் உங்கள் நிலம் சராசரியைவிட அதிகம் ஏறினால் உங்கள் பில் உச்சவரம்பைத் தாண்டும். தவிர, உங்கள் ஊர்க் கவுன்சில்கள் ஐபார்ட்டிடம் சிறப்பு அனுமதி கேட்டு அதைத் தாண்டவும் செய்கின்றன. சாலையைப் பத்து வருடம் பராமரிக்காமல் விட்டுவிட்டுப் பிறகு ஒரேயடியாக ஏற்றுவதைவிட ஆண்டுதோறும் கொஞ்சம் ஏற்றுவது மேல் என்பது என் எண்ணம். எங்களிடம் மாநிலம் முழுக்க 77 கவுன்சில்கள். அவற்றில் சில, பரப்பில் சில நாடுகளைவிடப் பெரியவை, ஆனால் ரேட்ஸ் கட்டுபவர்கள் சில நூறு பேர்தான். அவர்களுக்கும் பிரிஸ்பேனுக்கும் ஒரே உச்சவரம்பு சரிவராது.

ஆனால் இங்கேயும் தடுப்பு இல்லாமல் இல்லை. கவுன்சில் விரும்பினால் இரண்டு அல்லது மூன்று வருட மதிப்பின் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். ஒரு வகையில் ரேட்ஸ் இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று தீர்மானமும் போடலாம். உங்கள் கவுன்சில் இவற்றைச் செய்கிறதா என்பதை பட்ஜெட்டோடு வரும் ரெவின்யூ ஸ்டேட்மென்ட் என்னும் வருவாய் அறிக்கையில் பாருங்கள்.

வடமராட்சியான்

நான் வீட்டின் பின்பக்கம் ஒரு அறை கட்டப் போகிறேன். அதற்கும் ரேட்ஸ் ஏற்றுவார்களோ?

கணக்கர்

ஏறாது ஐயா. நகரப் பகுதியில் இங்கே எடுப்பது ‘சைட் வேல்யூ’. நிலத்தைச் சமப்படுத்தியது, மண் நிரப்பியது எல்லாம் சேரும், மேலே நிற்கும் கட்டடம் சேராது. குடிசையும் மாளிகையும் ஒரே அளவு நிலத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் இரண்டுக்கும் மதிப்பு ஒன்றுதான். தனிச் சமையலறை வைத்து இன்னொரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டால் வகை மாறக்கூடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விக்டோரியாவில் பெரும்பாலும் கட்டடத்தையும் சேர்த்தே மதிப்பிடுகிறார்கள், அங்கே இருக்கும் சொந்தக்காரர் சொல்வதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம்.

புதுவீட்டுக்காரி

எதிர்ப்புக் கடிதம் அனுப்பிவிட்டேன் சார், 19-ஆம் நாள். அந்த 208 டாலர் தண்ணீர் பற்றியும் சொல்லுங்களேன். நாங்கள் மூன்று பேர், தோட்டம் கூட இல்லை.

கணக்கர்

இங்கே ரேட்ஸ் வேறு, யுடிலிட்டி சார்ஜ் வேறு. சட்டப்படி யுடிலிட்டி சார்ஜ் நான்குக்குத்தான் போடலாம்: குப்பை, எரிவாயு, கழிவுநீர், குடிநீர். இதற்கு நில மதிப்பு தேவையில்லை. குப்பைக்குத் தொட்டிக் கணக்கு. கழிவுநீருக்கு வீட்டுக்கு ஒரு தொகை. குடிநீருக்கு இரண்டு பகுதி. குழாய் உங்கள் வாசலுக்கு வந்து நிற்பதற்கே ஒரு அக்சஸ் சார்ஜ், ஒரு சொட்டும் குடிக்காவிட்டாலும் வரும். பல ஊர்களில் காலி மனைக்குக் கூட வரும். மற்றது மீட்டர் காட்டும் கிலோலிட்டருக்கு.

முதலில் நோட்டீஸில் உள்ள மீட்டர் அளவைப் போய் மீட்டரோடு ஒப்பிடுங்கள். பிறகு இரவு படுக்கும் முன் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு மீட்டரைப் படம் எடுங்கள். காலையில் யாரும் தண்ணீர் திறக்கும் முன் இன்னொரு படம். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. கழிப்பறைத் தொட்டியில் சில சொட்டு உணவு நிறம் விட்டு ஃப்ளஷ் செய்யாமல் காத்திருங்கள். கீழே கிண்ணத்தில் நிறம் இறங்கினால் அங்கேதான் ஒழுக்கு. சத்தமே இல்லாமல் நாள் முழுக்க ஓடும் தண்ணீர் அது.

இரண்டுகடை

கழிவுநீர் பற்றிக் கடை வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. எங்கள் கவுன்சிலில் கடைக்குக் கழிப்பறை எண்ணிக்கைப்படி சார்ஜ், ‘பெடஸ்டல் சார்ஜ்’ என்பார்கள். என் கடையில் உடைந்து பூட்டிக் கிடந்த ஒரு கழிப்பறைக்கு நான்கு வருடம் கட்டியிருக்கிறேன். பிளம்பரை வைத்து முறைப்படி மூடி, கவுன்சிலுக்குத் தெரிவித்த பிறகுதான் நின்றது. கடை வாங்குபவர்கள் முதல் நாளே போய் எண்ணிப் பாருங்கள்.

மாடிவீடு

என் நோட்டீஸில் குடிநீரே இல்லையே? பிரிஸ்பேனில் இருக்கிறேன்.

கணக்கர்

தென்கிழக்கில் அப்படித்தான். 2010-இல் தண்ணீரைத் தனி நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்தார்கள். பிரிஸ்பேன், இப்ஸ்விச், லாக்யர் வேலி, சீனிக் ரிம், சாமர்செட் ஐந்துக்கும் அர்பன் யுடிலிட்டீஸ் பில் அனுப்பும். மோர்டன் பே, சன்ஷைன் கோஸ்ட், நூசா மூன்றுக்கும் யுனிட்டிவாட்டர். கோல்டு கோஸ்ட், லோகன், ரெட்லாண்ட் மூன்றும் 2012-இல் தண்ணீரைத் திரும்பத் தங்களிடமே எடுத்துக்கொண்டன. தென்கிழக்கு முழுக்க பில்லில் ‘ஸ்டேட் பல்க் வாட்டர்’ என்று ஒரு வரி இருக்கும். அணைத் தண்ணீரின் விலை அது, மாநிலம் வைப்பது.

எமர்ஜென்சி லெவியும் அப்படித்தான். தீயணைப்பு, மீட்புப் பணிகளுக்கு மாநிலம் வாங்குவது. கவுன்சில் வசூலித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதற்காகக் கவுன்சில் ஊழியரைத் திட்டாதீர்கள், அவரால் ஒரு சென்ட் கூடக் குறைக்க முடியாது.

சிட்னி மல்லி

பிரிஸ்பேனில் இருக்கும் என் தம்பி வாடகை வீட்டில்தான் இருக்கிறான். வீட்டுக்காரர் தண்ணீர் பில் முழுவதையும் அவனிடம் கேட்கிறார். கட்ட வேண்டுமா?

கணக்கர்

வேண்டாம். மீட்டர் காட்டும் பயன்பாட்டுத் தொகையை மட்டும்தான் கேட்கலாம். அதற்கும் மூன்று நிபந்தனைகள்: அந்த வீட்டுக்குத் தனி மீட்டர் இருக்க வேண்டும், குழாய்களும் ஷவரும் கழிப்பறையும் தண்ணீர்ச் சிக்கனத் தரத்தில் இருக்க வேண்டும், வாடகை ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும். அக்சஸ் சார்ஜ், கழிவுநீர், ஜெனரல் ரேட் எல்லாம் சொந்தக்காரர் பொறுப்பு.

வேப்பமர நிழல்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போது கேட்கிறேன். எனக்கு வயது 71. கணவர் போய்விட்டார். முப்பது வருடம் முன்பு யாரும் சீந்தாத இடத்தில் வாங்கிய வீடு இது. இப்போது சுற்றிலும் விலை ஏறி, என் நிலமும் சராசரியைவிட மேலே போய்விட்டது. கணக்கர் தம்பி போட்ட கணக்கில் அந்த 3,000 டாலர்க்காரி நான்தான். நிலம் ஏறியதால் என் ஓய்வூதியம் ஏறவில்லை. விற்றுவிட்டுப் போ என்கிறார்கள். என் பிள்ளைகள் ஓடி விளையாடிய முற்றம் இது.

கணக்கர்

அக்கா, இந்த முறையின் குறையே இதுதான். நிலத்தின் விலைக்கும் கையில் இருக்கும் காசுக்கும் சம்பந்தம் இல்லை. இதற்கு முழுத் தீர்வு இல்லை, ஆனால் உங்களுக்கு உரிமையானவற்றை விடாதீர்கள்.

பென்ஷனர் கன்செஷன் கார்டு இருக்கிறதா? இருந்தால் மாநில அரசு ரேட்ஸிலும் சார்ஜிலும் 20 சதவீதம், வருடத்துக்கு 200 டாலர் வரை தருகிறது. தென்கிழக்கில் இருந்தால் தண்ணீருக்குத் தனியாக வருடம் 120 டாலர் வரை. இவை தானாக வராது, கவுன்சிலில் விண்ணப்பிக்க வேண்டும். வீடு உங்கள் கணவர் பெயரில் இருந்திருந்தால் முதலில் உங்கள் பெயருக்கு மாற்றியிருக்க வேண்டும். பல கவுன்சில்கள் இதற்கு மேல் தங்கள் பங்குக்கும் கழிவு தருகின்றன. கஷ்ட நிலை காரணமாகத் தவணை, தள்ளிவைப்பு ஒப்பந்தமும் கேட்கலாம். நான் இருந்த இடத்தில் கேட்டவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது. வாய் திறந்து கேட்டவர்கள்தான் குறைவு.

கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். ரேட்ஸ் நிலத்தின் மேல் நிற்கும் கடன். குடியிருப்பு வீட்டுக்கு மூன்று வருடம் நிலுவை ஆனால் கவுன்சில் விற்கவே சட்டம் இடம் கொடுக்கிறது.

அடுத்த மார்ச்சில் மதிப்புக் கடிதம் வந்தால் இங்கே போடுங்கள். உங்களைப் போன்ற நிலத்தின் விற்பனை விலைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். 60 நாளுக்குள் எழுத வேண்டியிருந்தால் நானே கூட இருந்து எழுதித் தருகிறேன்.

வேப்பமர நிழல்

கார்டு இருக்கிறது தம்பி. பத்து வருடமாகப் பேருந்துக்கு மட்டும்தான் காட்டிக்கொண்டிருந்தேன். நாளைக்கே போகிறேன்.

புதுவீட்டுக்காரி

ஐந்து வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கவுன்சில் ஒப்புக்கொண்டது. இந்த அரையாண்டிலிருந்து எங்களை ‘பிரின்சிபல் பிளேஸ்’ வகைக்கு மாற்றிவிட்டார்கள். ஜெனரல் ரேட் இப்போது 880. கூடுதலாகக் கட்டிய 250 டாலரை அடுத்த நோட்டீஸில் கழித்துக்கொள்வதாகக் கடிதம் வந்திருக்கிறது. ஜனவரி நோட்டீஸுக்குத் தனியாக எழுதிக் கேட்கச் சொன்னார்கள், எழுதியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை.

தண்ணீர்: கழிப்பறைத் தொட்டிதான். நிறம் ஐந்தே நிமிடத்தில் கீழே இறங்கிவிட்டது. ஒரு சின்ன ரப்பர் வாஷர். ஒழுக்குச் சலுகை கேட்டுப் பார்த்தேன், நிலத்துக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒழுகினால்தான் உண்டு, கழிப்பறைக்குக் கிடையாது என்றார்கள். அந்த 208 போனது போனதுதான். இப்போது ஞாயிறு தோறும் மீட்டரைப் படம் எடுத்து வைக்கிறேன்.

வேப்பமர நிழல் அம்மா, கவுன்சிலுக்குப் போனீர்களா? நீங்கள் எங்கள் ஊர்ப் பக்கம் என்றால் சொல்லுங்கள், சனிக்கிழமை காரில் வந்து படிவம் நிரப்பித் தருகிறேன்.

வேப்பமர நிழல்

போனேன் மகளே. படிவம் இரண்டே பக்கம்தான். ஆனால் வீடு இன்னும் அவர் பெயரிலும் சேர்ந்து இருக்கிறது, இறப்புச் சான்றிதழோடு டைட்டில்ஸ் அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். சனிக்கிழமை வா. சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்.